மெஷினில் நடக்கிறவர்

9-6-1976, புதன்
டாக்டர் ஆறுமுகநயினார் புதிதாக வாங்கியிருக்கும் நடைமெஷினில் என் வீட்டுக்காரர் இன்று ஏறினார். மின்சாரத்தில் பட்டை ஓடும். நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். டிசம்பரில் சைக்கிள் மோதி விழுந்ததிலிருந்து வாசல் தாண்டாத மனிதர், கம்பியைப் பிடித்துக்கொண்டு, துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்து வேகத்தில் நடக்கிறார்!
"செல்வதுரை அண்ணாச்சிக்குக் கால் நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார் டாக்டர்.
பிறகு ஏன் ரிக்‌ஷா வரை என் தோளில் தொங்கினார்?

11-6, வெள்ளி
டாக்டரிடம் கேட்டு நானே ஏறிப் பார்த்தேன். அம்மாடி! தரை பின்னால் ஓடுகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. குட்டிக் குட்டியாய் எட்டு வைத்தேன். சேலை சிக்கிவிடுமோ என்று பயம். இறங்கிய பின்னும் தரை நகர்ந்தது. இவர் சிரித்துவிட்டார். சிரித்து எத்தனை மாதம்!
தெருவில் நன்றாக நடப்பவள் மெஷினில் தடுமாறுகிறேன். இவருக்கு நேர்மாறு. ஏன்?

13-6, ஞாயிறு
இவர் பாதத்தில் சாக்பொடி பூசி, கூடத்தில் நடக்கச் சொன்னேன்.
"கிறுக்கு பிடிச்சிருக்கா ஏளா ஒனக்கு?"
நடந்தார். சிமெண்டுத் தரையில் எட்டு நீளமாகவே விழுந்தது. வாசலை நெருங்க நெருங்கச் சுருங்கி, தடங்கள் ஒட்டிக்கொண்டன. கூடத்தில் ஏது கம்பி? ஆக, காரணம் கம்பியும் இல்லை, காலும் இல்லை. வேறு என்ன?

14-6
இவரிடம் கேட்டேவிட்டேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு—
"மெஷின்ல எதிர்ல யாரும் வாரதில்லலா. தெருவுல எல்லாம் வருது ஞானம். எங்கிட்டு ஒதுங்கணும்னே தெரியல."
ஐயோ, இத இத்தன மாசமும் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காரே.

16-6
டாக்டரிடம் சொன்னேன். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்பொ மெஷின், தெரு ரெண்டுலயும் நடக்கவச்சுப் பாத்தாத்தான் சரி." வயதானவர்கள் எல்லோருக்கும் இப்படியா, இவருக்கு மட்டுமா? அவருக்கும் தெரியவில்லை, எனக்கும்.

20-6, ஞாயிறு
உப்பு லாரி ஓடாத நாள். விடிந்ததும் பீச் ரோடு. நான் முன்னால் போனேன். ஆள் வந்தால் "இடது" என்பேன். மாடு ஒன்று வந்தது. நான் வாய் திறக்குமுன் இவரே ஒதுங்கினார்.

4-7
மார்க்கெட் வரை நடை. வழியெல்லாம் சண்டை. நான் முன்னால் போனால் இவருக்கு மறைக்கிறதாம்.

14-7, புதன்
பழைய மாணவி சுடலைமாடத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்த்துவிட்டு மாலை திரும்பினால் வீடு பூட்டிக் கிடக்கிறது. என்னிடம் சாவி இல்லை. எடுத்துப்போகும் வழக்கமே விட்டுப்போயிற்று; அவர் எப்போதும் உள்ளேதானே இருப்பார்.
பக்கத்து வீட்டு இசக்கித்தாய் எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி அப்பமே கெளம்பிட்டாவளே டீச்சர்! பழைய துறைமுகத்துப் பக்கமா போனாவ."
படியில் உட்கார்ந்தேன். பசித்தது. எழுந்து தேடிப் போகத் தோன்றவில்லை.