அக்கா, அத்தான் என்னைத் தள்ளினார்

கை பிடிக்காமலே என்னைத் தடுமாற வைத்த என் அக்காவுக்கு,

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை எரித்த அன்று தகன மண்டபத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. பசை வைத்தால் ஒட்டிவிடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் ஒரு தம்பிக்கு வருகிற நினைப்பா அது?

வேலைக்குப் போகிறேன். வீடுகளில் வயர் இழுக்கிறேன், சுவிட்ச் பூட்டுகிறேன். சாப்பிடுகிறேன்; உப்புப் போதுமா என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. லண்டனில், கோலியர்ஸ் வுட் பக்கம் நீங்கள் ஓட்டிய பஸ் கடந்து போகும்போது சாரதியின் இருக்கையைப் பார்க்கிறேன். வேறு யாரோ இருக்கிறார். எனக்குள் ஒன்றும் நடப்பதில்லை.

ஆனால் ஒரு செய்தி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் என்னைத் தள்ளினார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு எங்களுடைய பழைய சண்டை தெரியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெர்மனியில் வளர்ந்தவன், பள்ளிக்கூட நாளிலிருந்தே மல்யுத்தக்காரன். லண்டனுக்கு வந்தபிறகும் குரோய்டனில் ஒரு கிளப்பில் மெத்தையில் உருண்டுகொண்டிருந்தேன். நீங்கள் பஸ் ஓட்டி ஓட்டி முதுகு பிடித்துப்போய், யாரோ சொன்னார்கள் என்று தாய்ச்சி என்கிற மெதுவான சீனச் சண்டைக்கலை வகுப்புக்குப் போனீர்கள். அங்கேயே ஊறிவிட்டீர்கள். நான் சிரித்தேன்.

“பார்க்கில வயசுபோன ஆக்கள் காத்தைத் தடவுறது. அதுக்குப் பெயர் சண்டைக் கலையோ அக்கா?”

“வந்து தொட்டுப் பாரன்,” என்றீர்கள்.

உங்கள் வீட்டு முன்னறையில் சோபாவை ஒதுக்கிவிட்டு எதிரெதிரே நின்றோம். மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்து, யார் யாரை நின்ற இடத்தை விட்டு அசைக்கிறார் என்று பார்ப்பதுதான் அந்தப் பயிற்சி. நான் தள்ளினேன். சுவர் என்று நம்பிச் சாய்ந்தவனுக்குக் கதவு திறந்த மாதிரி இருந்தது. தடுமாறிப் போய் ஜன்னல் சட்டத்தைப் பிடித்தேன்.

“நீ எங்க வரப்போறாய் எண்டு உன்ர தோள் முதலே சொல்லிப்போடுது தம்பி.”

எனக்கு ரோசம் வந்தது. அது உங்களுடைய விதி, என்னுடைய மெத்தைக்கு வாருங்கள் என்றேன். வந்தீர்கள். குனிந்து உங்கள் இரண்டு கால்களையும் வாரி எடுத்து மெதுவாகப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தீர்கள்.

“இதுக்கு எங்கட வகுப்பில ஒருத்தரும் பதில் சொல்லித் தரேல்லை,” என்றீர்கள். கோபமே இல்லை. “திருப்பி ஒருக்காச் செய்.”

பிறகு எத்தனை தடவை! என் கழுத்தில் முன்கையை வைத்து இடுப்பைத் தாழ்த்தி, பாதியிலேயே என்னை நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். நான் உங்களிடமிருந்து இறுக்கிப் பிடிக்காமல் இருக்கப் பழகினேன். மல்யுத்தத்தில் நாங்கள் எதிராளியைப் பிடித்து அவருடைய பாரத்தை எங்கள் கைக்குள் கொண்டுவருகிறோம். நீங்கள் தொட்டுப் பார்த்து, அவர் நிற்கிற இடத்தையே அவரிடமிருந்து எடுத்துவிடுகிறீர்கள். கீழே விழுந்தபின் என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரியாது. விழுவதற்கு முன்னால் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. எது பெரிது என்ற வாக்குவாதம் மட்டும் முடியவேயில்லை.

அதற்குள் உங்களுக்கு வருத்தம் வந்தது, புற்றுநோய். ஈரல்வரை பரவிவிட்டது என்றார்கள். நீங்கள் மெலிந்துபோனீர்கள். ஆனாலும் நான் வரும்போதெல்லாம் எழுந்து நின்று கையை நீட்டினீர்கள். நான் பூவைத் தொடுகிற மாதிரித் தொட்டேன். உங்களுக்கு அது பிடிக்கவில்லை.

“எல்லாரும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரித்தான் தொடுகினம். நீயுமோ? ஒழுங்காத் தள்ளு!”

தள்ளினேன். ஒழுங்காகத் தள்ளினேன். நீங்கள் ஒரு பக்கம் திரும்ப முயன்றீர்கள், கால் வரவில்லை. தலையணைகள் மேல் விழுந்தீர்கள். விழுந்து கிடந்து சிரித்தீர்கள், இருமல் வரும்வரை சிரித்தீர்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தான் உங்களைத் தூக்கி இருத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், “நீர் இனி இஞ்ச வரவேண்டாம்.”

அந்த வாரமே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் திரும்பி வரவில்லை. விழுந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அத்தானின் காதில் அது ஏறியதா? சாவீட்டில் நான் கொடுத்த தேத்தண்ணீரை அவர் வாங்கவில்லை.

பிறகு போன ஞாயிறு தொலைபேசி எடுத்தார். “ஒருக்கா வாரும்.”

போனேன். சோபா ஒதுக்கியிருந்தது. அவர் சேர்ட்டின் கையை மடித்துவிட்டு நடுவில் நின்றார்.

“அவ உம்மோட என்ன செய்தவ? எனக்குக் காட்டும்.”

நான் கையை நீட்டினேன். அவருக்கு மணிக்கட்டெல்லாம் தெரியாது. இரண்டு கைகளையும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். அக்கா, அவர் நின்ற நிலையைப் பார்த்தால் நீங்களே தலையில் கை வைத்திருப்பீர்கள். முழங்கால் இரண்டும் விறைத்து, பாரம் முழுக்க முன்னால். நான் குனிந்திருந்தால் கால்களை வாரியிருக்கலாம். விலகியிருந்தால் அவர் முகம் குப்புற விழுந்திருப்பார். இரண்டும் செய்யவில்லை. அவர் தள்ளத் தள்ள வாங்கிக்கொண்டே பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றேன்.

“நீர்தான் விழுத்தினீர்.”

“ஓம் அத்தான்.”

“வருத்தக்காரியை.”

“ஓம்.”

“அவ கேட்டவவோ?”

“ஓம். அக்காதான் கேட்டவ, ஒழுங்காத் தள்ளச் சொல்லி.”

இன்னும் தள்ளினார். பிறகு பலம் விட்டுப்போனது. ஆனால் கையை எடுக்கவில்லை.

“விழுந்து கிடந்து சிரிச்சவ,” என்றார். “வருத்தம் வந்தபிறகு என்னோட ஒருநாளும் அப்பிடிச் சிரிக்கேல்லை. நான் சூப் வச்சுக் குடுத்தனான், மருந்துக் குளிசை எடுத்துக் குடுத்தனான். சிரிச்சது உம்மோட.”

அதைச் சொல்லிவிட்டு அழுதார். அவருடைய முழுப் பாரமும் என் மேல் சாய்ந்தது. நான் அழவில்லை. ஆனால் அவர் இடது காலில் மட்டும் நிற்கிறார் என்பது என் நெஞ்சுக்குத் தெரிந்தது. வலது காலில் பாரமே இல்லை, அந்தப் பக்கம் தாங்காவிட்டால் விழுவார் என்பதும் தெரிந்தது. நீங்கள் போனபிறகு எனக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான் அக்கா. அந்தப் பக்கம் கையைக் கொடுத்து நின்றேன்.

போகும்போது வாசலில் வைத்து, “வாற ஞாயிறும் வாரும்,” என்றார்.

போவேன். அவருக்குத் தள்ளவேண்டும் என்று இருக்கும்வரை போவேன். நான் பிடிக்கவும் மாட்டேன், விலகவும் மாட்டேன். முழங்காலை மடித்து நிற்க மட்டும் அவரை எப்படியாவது பழக்கிவிடுகிறேன்.

உங்களோடு கூடப் பிறந்தவன்,
தம்பி குமரன்