உச்சிவெயிலில் நின்ற கறண்ட்

ஏப்ரல் 3
கூரையில் சோலார் பூட்டி இரண்டு மாதம். தங்கச்சி சுவர்ணாவின் ஒட்சிசன் மெசின் நாள் முழுக்க ஓடுகிறது. நுரையீரல் சுருங்கிப்போனவளுக்கு அதுதான் மூச்சு. வெளியே அனல். "அக்கா, இனிக் கறண்டுக்குப் பயமில்லை" என்றாள். நானும் நம்பினேன்.

ஏப்ரல் 8
மத்தியானம் அரியாலை ஊர் முழுக்கக் கறண்ட் நின்றது. எங்கள் சோலாரும் நின்றது! தலைக்கு மேலே அவ்வளவு வெயில். அவசரத்துக்கு வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டரை மாட்டிவிட்டு, சோலார் பூட்டிய அருட்செல்வனுக்குப் போன் எடுத்தேன்.

"லைனிலை கறண்ட் இல்லாட்டி உதுவும் நிண்டிடும், அக்கா. இல்லாட்டிக் கூரைக் கறண்ட் லைனுக்குப் போய்க் கம்பத்திலை வேலை செய்யிற ஆக்களுக்கு அடிச்சுப்போடும். பெற்றறி இருந்தால்தான் தனிய ஓடும்."

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?"

இப்போது பூட்டித் தருகிறேன் என்றான். பெற்றறி கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். வருசப்பிறப்புக்குப் பிறகுதான்.

ஏப்ரல் 12
மின்சாரசபையிடமிருந்து போனில் அறிவித்தல். விடுமுறை நாட்களில் பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கட்டாம். அரசாங்கக் கந்தோர், தொழிற்சாலை எல்லாம் பூட்டு, பகலில் கறண்ட் எடுக்க ஆளில்லை. வெயிலில் வருகிற கறண்ட் மிஞ்சினால் லைன் தாங்காதாம். பொழுதுபட்டதும் எல்லா வீட்டிலும் ஃபான் சுழலும், அப்போது போதாதாம். இது என்ன கூத்து? நிறுத்திவிட்டேன். மற்றவர்கள் நிறுத்துவார்களா?

ஏப்ரல் 14
வருசப்பிறப்புக்குப் பொங்கிப் படைக்கமுன்னம் கறண்ட் நின்றுவிட்டது. சிலிண்டரில் பாதிதான் இருந்தது. நிரப்புகிற இடம் பூட்டு. வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று இருந்தேன். சிலிண்டர் முடிந்துபோனது.

"அக்கா, யன்னலைத் திற."

"திறந்துதானேயடி கிடக்கு."

உதடு நீலம். ஆஸ்பத்திரிக்குப் பஞ்சலிங்கம் அண்ணையின் ஓட்டோவில் ஏற்றினோம். "வடக்கு முழுக்க இல்லையாம், பிள்ளை. கனபேர் சோலாரை நிப்பாட்டேல்லையாம்" என்றார். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சுவர்ணா என் கையை விடவேயில்லை.

ஏப்ரல் 15
போயிட்டாள். விடியமுன்னம்.

ஏப்ரல் 19
ஆரிலை கோபிக்கிறது? நிப்பாட்டாத சனத்திலையோ? அருட்செல்வனிலையோ? சூரியனிலையோ?


மே 6
இன்றும் அனல். முன்வீட்டுக் கீர்த்திகா, தகப்பனுக்கு மூச்சு முட்டுகிறது, மெசினைத் தருவீர்களா என்று கேட்டு வந்தாள். துடைத்துக் கொடுத்தேன்.

வாசலில் நின்று கேட்டாள்: "கறண்ட் நிண்டால் என்ன செய்யிறது, அன்ரி?"

"உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு, பிள்ளை. வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிராதை."