கழுத்தில் ஒரு கோட்டுக் காலர்

1.11.2010, திங்கள்

காலையிலிருந்து மழை. நாளை கல்லறைத் திருநாள். ஸ்டுடியோவில் திருத்த வேண்டிய இறந்தவர் படம் மட்டும் ஒன்பது. முடித்தது ஐந்து. பாக்கி:

– பெருமுக்கல் பெரியவர். ரேஷன் கார்டில் ஒட்டிய படத்தைப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். புள்ளி புள்ளியாக வருகிறது.
– அக்கா தங்கை, ஒரே ஃபிரேமில். இரண்டு பேருக்கும் ஒரே கலர் புடவை.
– ஆஸ்பத்திரியில் எடுத்தது. கண் மூடியிருக்கிறது. திறந்துவிட வேண்டும். (மகன் படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்துப் பார்த்தேன். பொருந்திவிட்டது. மகனிடம் சொல்லவில்லை.)
– டீச்சர் ஒருவர். கொஞ்சம் கலர் ஏற்றி வெளுப்பாக்க வேண்டும். செத்த பிறகும் விடமாட்டார்கள்.

பக்கத்து சிஸ்டத்தில் உட்காரும் பாபு இன்றும் லீவு. எல்லாம் என் தலையில்.

மூன்று மணிக்குத் தம்பி போன். "அக்கா, சனிக்கிழமை வந்த வாரப் பேப்பர் பாத்தியா? என் போட்டோ போட்டிருக்கான்." நல்ல சேதி என்று நினைத்து, "கட் பண்ணி வைடா" என்றேன். மடச்சி.

டீக்கடையில் வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் பக்கம். பின்கதவு திறந்த மினி வேன், உள்ளே அரிசி மூட்டைகள். கட்டம் போட்ட சட்டை, கைலி. இரண்டு கையாலும் மூட்டையைத் தள்ளிக்கொண்டு, நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். என் தம்பி சேவியர். அரிசி கடத்தும் கிளியனூர்ப் பக்கத்து ரேஷன் கடை சேல்ஸ்மேன் என்று பெயரோடு போட்டிருக்கிறார்கள். எடுத்தவர் பெயர் மட்டும் இல்லை. ‘வாசகர் அனுப்பியது.’

தம்பிக்குத் திரும்பப் போன் போட்டேன். சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம். 9ஆம் தேதி விழுப்புரம் ஆபீஸில் விசாரணை. படம் பொய் என்று காட்டாவிட்டால் வேலை போய்விடும், போலீஸ் கேஸும் வரும் என்றான்.

டீக்கடையில் ஒருவர்: "திருட்டு அரிசி ஏத்துறவன் மூஞ்சியைப் பாரு, இன்னா களையா கீறான்."

டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

2.11, செவ்வாய்

கல்லறைக்குப் போய் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி. காற்றில் நிற்கவில்லை. மூன்று பேர் தம்பியை விசாரித்தார்கள். விசாரித்த விதமே பிடிக்கவில்லை.

பிறகு கடை. பழைய நெகட்டிவ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பேப்பர் படத்தை ஆராய்ந்தேன். பதினாறு வருடமாகப் படத்தை மாற்றுகிறவள். அடுத்தவன் மாற்றியதைக் கண்டுபிடிக்க முடியாதா?

வேன் நிழல் இடப்பக்கம் விழுகிறது. மூக்கு நிழல் வலப்பக்கம். சந்தேகம்.

முகம் வெளுப்பு, முழங்கை கறுப்பு. இதுவும் சந்தேகம். ஆனால் பேப்பர் மையும் அப்படிக் காட்டும்.

மூட்டைகளில் இரண்டு அச்சாக ஒன்றுபோல. ஆனால் அரிசி மூட்டை எல்லாமே அப்படித்தான்.

வகிடு! அவன் சின்ன வயதிலிருந்து இடப்பக்கம் எடுப்பவன். படத்தில் வலப்பக்கம். படத்தையே திருப்பிப் போட்டிருப்பார்களோ என்று வேன் நம்பரைப் பார்த்தேன். எழுத்து நேராக இருக்கிறது. அப்படியானால் தலை மட்டும் திரும்பியிருக்கிறது.

ஓனரிடம் காட்டினேன். "ஒரு நாளைக்கு மாத்தி வாரியிருப்பான், ஸ்டெல்லாம்மா. வகிடைக் காட்டி வேலையைக் காப்பாத்த முடியுமா?" என்றார். அவர் சொல்வதும் சரி. அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன். தம்பி சிரிப்பைப் பார்க்காமல் வேறு யார் சிரிப்பைப் பார்ப்பேன். தலைவலி.

3.11, புதன்

பாண்டி பஸ்ஸில் கிளியனூர். அம்மா அழுது ஓய்ந்து, மீன் கழுவிக்கொண்டிருந்தது. தம்பி ஷேவ் செய்யவில்லை.

அவன் சொன்னது: செத்துப்போனவர்கள் கார்டு நாலை வைத்துக்கொண்டு ஒரு ஆள் மாதாமாதம் சாமான் வாங்கியிருக்கிறான். தம்பி அந்தக் கடைக்கு வந்த பிறகு கொடுப்பதை நிறுத்திவிட்டான். "‘உன்னை இன்னா பண்றேன் பாரு’ன்னு கடை வாசல்ல நின்னு சொன்னான்க்கா. நான் அந்த வேனாண்டயே போனதில்ல."

நம்பினேன். முக்கால்வாசி.

அம்மா குழம்புக்குப் புளி கரைக்கும்போது பின்பக்க அறைக்குப் போனேன். சுவரோரம் ஆறு மூட்டை, சாக்குப் போட்டு மூடியிருந்தது. ஒன்றின் வாயைப் பிரித்துக் கையை விட்டேன். மல்லாட்டை. அடுத்ததும் வேர்க்கடலைதான். மூன்றாவதைப் பிரிக்கும்போது கதவில் தம்பி நிழல்.

"கீழ இருக்கிற மூணையும் பாத்துடுக்கா" என்றான். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

சாப்பிட உட்காரவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த மீனைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

4.11, வியாழன்

நாளை தீபாவளி. பஸ் எல்லாம் பிதுங்குகிறது. வி.புரம் போய்ச் சேரப் பதினொன்று.

வாரப் பேப்பர் ஆபீஸ் மாடியில் ஒரே அறை. நான் யாருடைய அக்கா என்று சொல்லவில்லை. ஸ்டுடியோ என்று மட்டும் சொன்னேன். நிருபர் பையன், "நீங்களும் நம்ம லைன்தான், இந்தாங்க" என்று அந்தப் படத்தின் கலர் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். யார் அனுப்பினது என்றேன். "சிடி ஒண்ணு கவர்ல வந்துச்சுங்க. ஜல்தியா போட்டுட்டோம், தீபாவளி விளம்பரம் வேற." விசாரிக்கவில்லையா? "படமே இருக்குதே, இன்னாத்த விசாரிக்கிறது?"

நாலு மணிக்குக் கடை. சிஸ்டத்தில் திறந்து பெரிதாக்கினேன். முகத்தைப் பார்க்கவில்லை. நேரே கழுத்துக்குப் போனேன். வெட்டுகிறவன் அங்கேதான் அவசரப்படுவான்.

கட்டம் போட்ட சட்டைக் காலருக்கு மேலே, மயிரிழை அகலத்துக்கு வெள்ளை. அதற்கு வெளியே நீலம். கருநீலம். அரிசி மூட்டை தூக்குகிறவன் கழுத்தில் கோட்டுக் காலர்.

அந்தக் கோட்டு என் கோட்டு. நம் கடை டெம்ப்ளேட், தலை வைக்கத் தயாராக இருக்கும் உடம்பு. மாப்பிள்ளைப் படம் என்றால் எல்லோருக்கும் அதே கோட்டுதான், ஜவுளிக்கடை ஆளானாலும் டிரைவரானாலும். ஆறு மாதம் முன்பு தம்பிக்குப் பெண் பார்க்கத் தரகரிடம் கொடுப்பதற்காக நானே அவன் தலையை வெட்டிக் கோட்டில் வைத்தேன். நானே வெளுப்பாக்கினேன். கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பை நானே எடுத்தேன். இந்த முகத்தில் அந்தத் தழும்பு இல்லை.

பழைய ஃபைலைத் தேடி எடுத்துத் தலையைத் திருப்பிப் போட்டேன். முடி முடியாக ஒன்று. அந்தச் சிரிப்பு, நான் "சிரிடா" என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு.

வெளியே போனது பிரிண்டு மட்டும்; வெட்டின தலை ஃபைலாக இந்தக் கடையை விட்டுப் போனதில்லை. ஓனரா, பாபுவா? இரண்டு பேர் முகத்தையும் நினைத்துப் பார்த்துக்கொண்டே பஸ் ஏற மறந்து நடந்தே வந்தேன்.

5.11, தீபாவளி

வெடிச் சத்தத்தில் பாபு பேசியது பாதிதான் கேட்டது. ஆறாவது தடவைதான் எடுத்தான்.

"அக்கா, உங்களுக்கு ஜுரம் வந்துதே, அப்ப ஒரு ஆளு வந்தாரு. கோட்டுப் படத்து பிரிண்டு ஒண்ணு, வேன் படம் ஒண்ணு. இந்த ஒடம்புல இந்தத் தலைய வைன்னாரு. பின்னால நம்ம கடை சீல் இருந்துது, நம்பரைப் போட்டு ஃபைலை எடுத்தேன்."

எதற்கு என்று கேட்கவில்லையா?

"டெய்லி அதுதானேக்கா பண்றோம். பேப்பர்ல வந்தப்பறம்தான் உங்க தம்பின்னு தெரிஞ்சுது. பேஜாராப் போச்சு. அதான் வரல."

திட்ட வாயெடுத்தேன். மகன் கண்ணை அப்பனுக்கு வைத்தபோது நான் யாரைக் கேட்டேன்? ஆனாலும் திட்டினேன். வேண்டிய மட்டும்.

அந்தப் படத்தை வேறு யாருக்காவது கொடுத்தாயா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். தன் தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொல்லி ஒரு ஆள் வீட்டுக்கு வந்து, தம்பி படத்தைக் கேட்டு வாங்கிப் போனானாம். "நல்லாப் பேசினான்டி, காபிகூடக் குடுத்தேன்." ஆளின் அடையாளத்தை அம்மா தம்பியிடம் சொன்னதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. செத்தவர்கள் கார்டை வைத்திருந்த அதே ஆள்.

8.11, திங்கள்

ஓனரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஃபைலை சிடியில் போட்டு எடுத்துப்போகக் கேட்டேன். கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"கடை பேரு வெளிய வந்தா நாளைக்கு எவன் பொண்ணு போட்டோ எடுத்துக்கினு இங்க வருவான்?"

"என் தம்பிக்கு நாளைக்கு வேலை போயிடுங்க."

"குடுக்க மாட்டேன்னு சொல்லல. குடுத்துட்டு நீ இங்க எப்படி உக்காருவன்னு யோசிச்சுக்கோ."

யோசிக்கவில்லை. சிடியை எழுதி எடுத்தேன். என் டிபன் பாக்ஸ், குடை, பூதக்கண்ணாடி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டேன்.

9.11, செவ்வாய்

மழை இல்லை. வி.புரம் பத்து மணிக்கு. தம்பி முன்பே வந்து மரத்தடியில் நின்றான். கிளியனூரில் அந்த மூட்டை விவகாரத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறோம். "சாப்டியாக்கா?" என்றான். அவ்வளவுதான்.

அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. காலரைக் காட்டினேன். வகிடு, தழும்பு, நிழல், எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி:

"ஏம்மா, தலைய வெட்டி ஒட்டறது உங்க தொழில். உங்க தம்பிய காப்பாத்த இந்தக் கோட்டுப் படத்தையே நேத்து நீங்க பண்ணலைன்னு நான் எப்படி நம்பறது?"

கம்ப்யூட்டர் தேதி என்றேன். அதையும் மாற்றலாமே என்றார். மாற்றலாம். எனக்கே தெரியும்.

தம்பிதான் சொன்னான், அந்தப் படம் தரகரிடமும் இருக்கிறது, நாலு பெண் வீட்டிலும் இருக்கிறது என்று. தரகருக்குப் போன். அவர் பஸ் பிடித்து மூன்று மணிக்கு வந்தார், பையில் முப்பது மாப்பிள்ளைகளோடு. முப்பது பேரும் ஒரே கருநீலக் கோட்டு. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். தம்பி படத்தின் பின்னால் தரகர் கையெழுத்து, தேதி. ஆறு மாதம் பழையது. அதைத் திருப்பி, நான் அதே அளவில் எடுத்து வந்திருந்த பேப்பர்ப் பட பிரிண்டோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலை மேல் தலை உட்கார்ந்தது. பிறகு தம்பியைக் கிட்டே கூப்பிட்டுக் கன்னத்தைப் பார்த்தார்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். ‘மேற்படி முகத்தை வெட்டி வெளுப்பாக்கியது நானே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாபு பெயரையும் எழுத வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேலையில் சேர ஆர்டர் வரும் என்றார். அந்தக் கார்டு ஆள் மேல் புகாரும் வாங்கிக்கொண்டார்.

திண்டிவனம் பஸ்ஸில் நானும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து சீட். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பேசிக்கொண்டே வந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மயிலம் ரோடு தாண்டியதும் கேட்டான்.

"பாபு கழுத்தை ஒழுங்கா வெட்டியிருந்தான்னா?"

"இன்னாடா கேக்கற?"

"காலர் தெரியாம சுத்தமா வெட்டியிருந்தா, நீ இன்னா நெனச்சிருப்ப?"

ஸ்டாண்டு வந்துவிட்டது. பாண்டி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிவிட்டான்.

படத்தைத்தான் நம்பியிருப்பேன்.