ஓரத்தில் சிக்கிய சிவப்புப் புள்ளி

மார்ச் 4

அடி குண்டூசி,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பிடித்திருக்கிறேன்! தரையிலிருந்து பார்த்தால் கண்ணிலேயே படாது. பிரபஞ்சம் பிறந்த நாற்பது கோடி ஆண்டுக்குள்ளேயே கொழுத்து வளர்ந்துவிட்ட விண்மீன் கூட்டம் என்கிறது என் கணக்கு. உறுதிசெய்ய அந்தத் தொலைநோக்கியில் ஆறு மணி நேரம் கேட்டு, விதிப்படி பெயர் போடாமல் விண்ணப்பித்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் டிசம்பரோடு எனக்கு வேலை இல்லை. நீ ஏன் எழுதுவதே இல்லை? பெரிய ஆளாகிவிட்டாயோ?

உன் கொசு

ஜூன் 19

அன்புள்ள கொசு,

உன் கடிதம் என் பழைய வீட்டுக்குப் போய், நேற்றுத்தான் கைக்கு வந்தது. விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் இருந்தேன். “இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரியது இருக்க வாய்ப்பே இல்லை” என்று எழுதி அதைக் கழித்துக்கட்டியது நான்தான். உன்னுடையது என்று சத்தியமாகத் தெரியாது, தெரிந்திருந்தால் விலகியிருப்பேன். இதை வெளியே சொல்வது தப்பு. சொல்லாமல் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? திட்டியாவது எழுது.

குண்டூசி

அக்டோபர் 7

கொசு,

நீ பதில் போடவில்லை, போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் கூரியர். கிழித்துப் போடாமல் படி! வேறொரு ஆய்வுக் குழு அதே தொலைநோக்கியில் எடுத்த தரவை இன்று காலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதன் ஓரத்தில் உன் புள்ளியும் சிக்கியிருக்கிறது! ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து மூன்று தடவை பார்த்துவிட்டேன். நீ சொன்னதேதான்! நாற்பதுகூட இல்லை, முப்பத்தைந்து கோடி! பதினைந்து வருஷமாக நான் வகுப்பில் அளந்ததெல்லாம் காற்றோடு போயிற்று. தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. நான் குதித்த குதியில் பக்கத்து அறைக்காரர் ஓடிவந்து, “என்னம்மா, ஏதாவது கடிச்சிருச்சா?” என்றார். “ஆமா சார், கொசு!” என்றேன்.

கோப்பு எண் பின்பக்கம் இருக்கிறது. வேறு யார் கண்ணிலாவது படுவதற்குள் உட்கார்ந்து கட்டுரையை எழுது. என் பெயர் வேண்டாம்.

குண்டூசி

நவம்பர் 22

அடியே குண்டூசி,

கட்டுரை வெளியாகிவிட்டது. இயக்குநர் கூப்பிட்டு, “இத வச்சுக்கிட்டா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?” என்றார். வேலையை மூன்று வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். உன்னை மன்னிக்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை. அந்த ஒற்றை வரியால் எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?

ஆனால் நேற்று அதற்கும் முந்தைய ஒன்று தட்டுப்பட்டது! இருபத்தைந்து கோடி! அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. அதுதான் எனக்கு எரிச்சல். சனிக்கிழமை வந்து சேர். உட்கார்ந்து என் கணக்கில் ஓட்டை கண்டுபிடி. அதற்கு உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

கொசு