அந்தக் குவளையைத் தொடாதே

தம்பிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க வேண்டும். கை வரவில்லை, விட்டுவிட்டேன். நீ சுகமாக இருப்பது தெரியும். போன வாரப் பத்திரிகையில் படம் வந்திருந்தது, கன்னம் கூட உப்பியிருக்கிறது. இங்கே நாங்கள் இருக்கிறோம்.

போனில் பேசினால் பாதியிலேயே "அக்கா, ஒரு மீட்டிங்" என்பாய். கடிதத்தின் நடுவில் உன்னால் அதைச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன், ஆசையினால் இல்லை.

அருங்காட்சியகத்து மேற்பார்வையாளர் உனக்கு எழுதியிருப்பார். அவரை அங்கே வேலை செய்கிறவர்கள் ஏசி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அந்தக் குளிர் அறையை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லையாம். உன் அக்கா என்று ஒருத்தி வந்து கூடத்தில் நின்று கத்தினாள் என்று எழுதியிருப்பார். உண்மைதான், கத்தினேன். கூடவே, நம் வீட்டுச் சாமான்களை வைத்து நீ அங்கே அமைத்த சமையலறையில் அலமாரிமேல் இருக்கும் குவளை கவிழ்ந்து கிடக்கிறது, உன் வரைபடத்தில் நிமிர்ந்து இருக்கிறது, திருத்திவிடலாமா என்று உன்னிடம் அனுமதியும் கேட்டிருப்பார். அவருக்கு நீ பதில் எழுதுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. படித்த பிறகு என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள்.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நான் ஐஸ் ஆலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வேன் எடுத்துக்கொண்டு வந்தாயே, அதை நான் மறக்கவில்லை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நாலு பேர். சாயங்காலம் வந்து பார்க்கிறேன், அடுப்பு இருந்த இடத்தில் கரி, அலமாரி இருந்த சுவரில் வெளுத்துப்போன சதுரம். அப்பா உட்கார்ந்து சாப்பிடும் சின்னப் பலகை கூட இல்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். நம் வீடு எரியக்கூட இல்லையே தம்பி. அம்மாவிடம் கேட்டால், "புள்ள கேட்டான், குடுத்தேன், உனக்கென்ன?" என்றாள். எனக்கென்ன என்று நானும் ஒரு பிளாஸ்டிக் அலமாரி வாங்கி அந்த சதுரத்தை மறைத்தேன்.

அப்புறம் அருங்காட்சியகத்துத் திறப்பு விழா. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் எழவு வீட்டில் பிணமாகவும் இருக்கிற ஆசை உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அன்றைக்கு ஒரே மேடையில் இரண்டுமாக இருந்தாய். அம்மாவின் பொறுமையைப் பற்றி அத்தனை நேரம் பேசினாய். அந்த அம்மா அதிகாரிகளின் டிரைவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மைக் சரியில்லாமல் பாதிப் பேச்சு அவளுக்குக் கேட்கவே இல்லை. கூட்டத்தில் இடிபட்டு உள்ளே போய்ப் பார்க்கவும் முடியவில்லை. உனக்காகச் சமைத்து மூடி வைத்துவிட்டு வந்திருந்தாள். நீ அவசரம் என்று அப்படியே காரில் ஏறிப் போய்விட்டாய். மூடினது மூடினபடி இருந்தது, மறுநாள் நான் ஐஸ் ஆலைக்கு எடுத்துப் போனேன்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது குவளைக்கு வருகிறேன்.

நீல விளிம்பு வைத்த அந்த எனாமல் குவளைக்கு நம் வீட்டில் என்ன சட்டம் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், பெரிய மனிதர்களுக்கு மறதி அதிகம். அப்பா கடலுக்குப் போனால் அம்மா அதை நிமிர்த்தி வைப்பாள். அவர் வந்து, குடித்து முடித்ததும், கழுவிக் கவிழ்த்து வைப்பாள். கவிழ்ந்திருந்தால் நம் ஆள் யாரும் தண்ணீரில் இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீயும் நானும் முதலில் அலமாரியைத்தான் பார்ப்போம். அப்பா திரும்பி வராத அந்தப் புயலுக்குப் பிறகு அது நிமிர்ந்தே இருந்தது. நீ படிக்கப் போனாய், வேலைக்குப் போனாய், அது நிமிர்ந்தே இருந்தது. தினமும் காலையில் உள்ளே தூசி துடைத்து அதே இடத்தில் வைப்பாள். படகும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள், அவள் ஒரு சடங்குக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கடற்கரைப் பக்கத்துக் கதவுக்கு ராத்திரி தாழ்ப்பாளும் போட்டதில்லை, காற்றுக்கு அடிக்காமல் ஒரு கல்லை மட்டும் முட்டுக் கொடுப்பாள். படுப்பதும் அந்தக் கதவைப் பார்த்துத்தான்.

வேனில் ஏற்றும்போது உன்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எது எப்படி வச்சாலும் சரி, அத மட்டும் நிமித்தியே வைப்பா." நீயும் தலையாட்டினாயாம்.

போன மாதம் ஆலைக்கு விடுமுறை விட்டார்கள். அம்மா தானாகவே, "வா, என் அடுப்பப் பாத்துட்டு வருவோம்" என்றாள். பழைய சுங்கக் கிடங்கை அருங்காட்சியகமாக்கி நீ என்னமோ செய்துதான் வைத்திருக்கிறாய், இல்லை என்று சொல்ல மாட்டேன். கூரையிலிருந்து தொங்கும் அந்தப் பெரிய படகுக்குக் கீழே நின்று அம்மா அடிப்பலகையை அண்ணாந்து பார்த்தாள். படகை இந்தக் கோணத்தில் மீன்தான் பார்த்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். துறைமுகத்துப் பழைய போட்டோக்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். வலை பின்னும் ஊசிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நகை மாதிரி விளக்குப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து, "இத்தனை மரியாதை தெரிஞ்சிருந்தா உங்கப்பா தொலைச்சிருக்க மாட்டார்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாயிற்று.

கடைசி அறைதான் நம்முடையது. வாசலில் 'காத்திருப்பின் சமையலறை' என்று எழுதி வைத்திருக்கிறாய். நாங்கள் அதற்குச் சமையலறை என்று மட்டும்தான் பேர் வைத்திருந்தோம். உள்ளே ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வழிகாட்டிப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுத் தலைவர் கடலில் மறைந்தார் என்றாள். அம்மா தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, "மறையலம்மா, வரல, அவ்வளவுதான்" என்று திருத்தினாள். அந்தப் பெண் நன்றி பாட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் அம்மா அலமாரியைப் பார்த்தாள். குவளை கவிழ்ந்திருந்தது.

அம்மா சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, மூடும் நேரம் என்று மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினாள். முட்டுக் கொடுத்த கல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கடற்கரைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அது துருப்பிடித்துப்போய் இறங்கவில்லை, எண்ணெய் விட்டு இறக்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி சொல்லிட்டான்டி. நம்ம ரெண்டு பேர் வாயாலயும் வராதத அவன் கையால சொல்லிட்டான்" என்றாள்.

நீ வேண்டுமென்றே செய்தாய் என்று அவள் நம்புகிறாள். ஏன் நம்பமாட்டாள்? கரண்டிக் காம்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூட அடையாளம் போட்டு வைத்தவன் நீ. அப்படிப்பட்டவன் கை தவறுமா என்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் காகிதம் தாங்காது. நீ யார் அதை முடிவு செய்ய? கூட இருந்து தூசி துடைத்தவர்கள் நாங்கள். மறுநாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே அங்கே போனேன். ஏசியிடம், அதை இப்போதே நிமிர்த்து என்றேன். அமைப்பாளர் கடிதம் இல்லாமல் ஒரு கரண்டியைக்கூட நகர்த்த முடியாது, விதி என்றார். அதற்குத்தான் கத்தினேன். உன்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன், அதையும் அவர் எழுதியிருப்பார்.

கத்தி முடித்து வெளியே வரும்போது, கூட்டிப் பெருக்கும் பெண் என்னைப் படிக்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டாள். "நான்தான்கா கவுத்தேன். பசங்க மிட்டாய்க் காகிதத்த அதுக்குள்ள போட்டுட்டுப் போவுது. தெனமும் கயித்தத் தாண்டிப் போய் எடுக்க முடியல. தப்பாங்கக்கா?" என்றாள். பாவம், முகம் வெளுத்துப்போயிற்று.

ஆக, நீ இல்லை. நீ எதையும் சொல்லவில்லை. மிட்டாய்க் காகிதம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் உன்மேல் இன்னும் கோபம். சொல்லவாவது செய்திருக்கிறான் என்று ஒரு ராத்திரி உன்னைக் கொஞ்சம் மதித்திருந்தேன், அதுவும் போயிற்று. சாயங்காலம் துடைக்கும்போது யாருக்கும் தெரியாமல் நிமிர்த்திவிடு என்று அவளிடம் சொன்னேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில், கூடத்தின் நடுவில், வாயைத் திறந்துகொண்டு. தட்டில் சாப்பாடு மிச்சமில்லை. முகம் தெருப்பக்கம் இருந்தது, கடற்கரைக் கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். அவள் முதுகை அந்தக் கதவு இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. எழுப்ப வேண்டும் என்று தோளில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன்.

வந்த வழியே திரும்ப ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பிடித்து, வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது புரிகிறதா, எதற்கு இந்தக் கடிதம் என்று? ஆண்டு விழாவுக்குக் கேமராக்காரர்களோடு வரப்போகிறாயாம். வந்ததும் உன் கழுகுக் கண் அலமாரிக்குத்தான் போகும். படம் எடுப்பதற்கு முன்னால் சரி செய்கிறேன் என்று நிமிர்த்திவிடாதே. ஏசிக்கும் இன்றே எழுது, அது அப்படித்தான் இருக்க வேண்டும், யாரும் தொட வேண்டாம் என்று. உன் வரைபடத்தையும் மாற்றிவிடு. அம்மா உன்னிடம் கேட்பாள், நீதானே கவிழ்த்தாய் என்று. ஆமாம் என்று சொல். கண்ணைப் பார்த்துச் சொல். செய்யாத காரியத்துக்குக் கைதட்டல் வாங்குவது உனக்குப் புதிதா என்ன?

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அதே மாதிரி, எனக்கு மனம் ஆறிவிட்டது என்றும் நினைக்காதே. அம்மா தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுக்கிறாள். அவள் தூங்கின பிறகு நான் எழுந்து போய் என்ன செய்கிறேன் என்று நீ கேட்க வேண்டாம். விடிவதற்குள் திரும்பப் போட்டுவிடுகிறேன்.

இதோடு முடித்திருப்பேன். ஒரு விஷயம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று அம்மா கடைத்தெருவுக்குப் போய் ஒரு புதுக் குவளை வாங்கி வந்தாள். பழசு மாதிரியே நீல விளிம்பு தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை, பச்சைதான் கிடைத்தது. கழுவித் துடைத்து என் பிளாஸ்டிக் அலமாரிமேல் நிமிர்த்தி வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் இல்லை, நான் வீட்டில்தான் இருக்கிறேன். மீதி யார் வெளியே இருக்கிறார்கள் என்று கணக்குப் போட உன் அளவுக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. இன்று காலையில் அதற்குள்ளும் தூசி துடைத்தாள்.

விழாவுக்கு வந்தால் கேமராவை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வா. அதிக நேரம் இருக்க வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். தண்ணீராவது குடித்துவிட்டுப் போ. அந்தக் குவளையை அம்மா தன் கையால் கவிழ்த்து வைக்கட்டும்.

உன் அக்கா