தெரு ரேட்டு

நவம்பர் 19, புதன்
தூறல். மாடித் துணி காயவே இல்லை. எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தெப்பக்குளம் பக்கம் வானம் இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. மே மாதம் ரிடையர்மென்ட். வீட்டை விற்றுவிட்டு மகளிடம் திருச்சிக்குப் போனால் இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

நாளைக்கு: கரண்ட் பில். பத்திர நகல். திருத்த வேண்டிய கணக்குத் தாள் பாதி பாக்கி.

நவம்பர் 21, வெள்ளி
சாயங்காலம் மஞ்சள் வெயில். வீடு பார்க்க பர்வீன் என்று ஒரு பெண், கணவரோடு. டவுனில் வளையல் கடை. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். அவள் நேரே மாடி ஏறிவிட்டாள். "எங்க சந்துல வானம் ஒரு கோடுதான் டீச்சர். இங்க எம்புட்டு!" விலையில் பேரம் பேசவே இல்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

நவம்பர் 22, சனி
அடுத்த வீட்டு விஜயா அக்கா, காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு: "பாய் வீட்டுக்காரங்க நல்லவங்கதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு வீடு அவங்களுக்குப் போச்சுன்னா தெரு ரேட்டே இறங்கிரும். நாளப்பின்ன நாங்க விக்க வேணாமா?" இஸ்திரி போடுபவர்கூட வீடு யாருக்கு என்று விசாரித்தார்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒன் இஷ்டம்." பேப்பருக்குள் போய்விட்டார்.

பர்வீனுக்குப் போன். வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டோம் என்றேன். "பரவால்ல டீச்சர்." கூசிப்போனது. வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையை முட்டி போடவைக்கிறவள் நான்.

நவம்பர் 23, ஞாயிறு
சர்ச்சில் பூசையில் மனம் நிற்கவில்லை. ஜன்னலில் மேகம் போய்க்கொண்டே இருந்தது. சாமியாரிடம் பொய்யைச் சொல்லிவிடப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று, என் முறை வருமுன் திரும்பிவிட்டேன்.

மதியம் விஜயா அக்கா பணியாரம் கொண்டுவந்தார். அவர் பேச்சை நான் கேட்டு நடந்ததற்காம். அடுப்படியில் உட்கார்ந்து பழைய கதை. நாங்கள் குடிவந்த வருஷம், சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க வந்துட்டாங்க, இனி தெரு ரேட்டு போச்சு என்று பக்கத்து வீட்டுக்காரர் பயந்து விற்றுவிட்டு ஓடினாராம். "அந்த வீடுதான் எங்களுக்குச் சல்லிசாக் கெடச்சது. எல்லாம் ஒங்க புண்ணியம் டீச்சர்!"

நானும் சிரித்தேன். பணியாரம் நன்றாகத்தான் இருந்தது.

அவர் போனதும் பர்வீனைக் கூப்பிட்டேன். யாரும் அட்வான்ஸ் தரவில்லை, பொய் சொன்னேன், வீடு உங்களுக்குத்தான் என்றேன்.



"தெரியும் டீச்சர்," என்றாள். "இதுவரைக்கும் பாத்த நாலு வீட்டுலயும் அட்வான்ஸ் வாங்கிட்டோம்னுதான் சொன்னாங்க."