நான்காவது கம்பியை எடுக்க மாட்டேன்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். உன் நலம் உன் மனைவி எழுதித் தெரிகிறது. நீயோ எனக்கு எழுதாமல் என் மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்கிறாய். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கம்பியை எடுத்துடுங்க" என்றாயாமே. வயதும் என்னுடையது, கையும் என்னுடையது.

நிலவரத்தை என்னிடமே கேள். ஆராய்ச்சிக்காக என் முன்கை நரம்பில் பதித்த நான்கு கம்பிகளில் மூன்று ஊமையாகிவிட்டன. ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தால் தழும்பு வளர்ந்து மூடிவிடும், எதிர்பார்த்ததுதான். நான்காவது மட்டும் என் ஆள்காட்டி விரல் உணர்வதை இன்னும் திரைக்கு அனுப்புகிறது. கை இழந்தவர்களுக்குத் தொடுஉணர்வுள்ள செயற்கைக் கை செய்ய வேண்டுமானால், ஒரு கம்பி எத்தனை காலம் தாங்கும் என்று தெரிந்தாக வேண்டும்.

சென்ற மாதம், மேசைமேல் வைத்திருந்த விரலை யாரும் தொடாதபோதே திரையில் கோடுகள் துள்ளின. கம்பியின் உறை வெடித்துவிட்டது என்று பொறியாளர் தீர்ப்பளித்தார்; அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று. அதைக் கேட்டுத்தான் நீயும் குதித்தாய். "மேசை அதிருதுப்பா, என் விரலுக்குத் தெரியுது" என்றேன். "உங்களுக்கு அப்படித் தோணும் பெரியம்மா" என்றார். அவருடைய தாயாருக்கு நான் அக்காவானது எனக்கே புதுச் செய்தி.

விரலைத் தூரிகையால் வருடிப் பதிவெடுக்கும் பெண்தான் குனிந்து பார்த்தாள். புதிதாக வைத்த குளிரூட்டும் பெட்டி மேசைக்காலில் உரசிக்கொண்டிருந்தது. "சார், கம்பி இல்ல, நம்ம பெட்டி!" என்று அவள் சிரித்தது வராந்தாவரை கேட்டது. பெட்டியை நகர்த்தினார்கள், கோடு அடங்கியது. நரம்பு உள்ளதைச் சொல்லியிருக்கிறது. கம்பியும் ஒழுங்காகக் கடத்தியிருக்கிறது. கேட்டவர்களுக்குத்தான் நம்பத் தோன்றவில்லை.

மருத்துவர் இப்போது முடிவை என்னிடம் விட்டுவிட்டார். கம்பி இருக்கட்டும் என்று கையெழுத்திட்டுவிட்டேன். சீழ் பிடித்தால் நானே எடுக்கச் சொல்வேன். உனக்குப் பயம் பிடித்ததற்காக எடுக்க முடியாது.

இந்த வயதில் எதற்கு வம்பு என்றும் கேட்டாயாம். வாரந்தோறும் அந்தப் பெண் என் விரலைத் தொட்டு, "இப்ப என்ன தெரியுதும்மா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாள். உன் விசாரிப்புகளில் கேள்வி உண்டு, காத்திருப்பு கிடையாது.

இருவரும் நன்றாக இருங்கள். விடுப்புக் கிடைத்தால் வா. மருத்துவமனைக்கு அல்ல, நேரே வீட்டுக்கு. சென்ற முறை புறப்படும்போது என் கையைக் கண்டு ஒதுங்கி, வாசலிலிருந்தே கையசைத்தாய். கம்பி கடிக்காது. பிடிக்கலாம்.

கம்பியும் தானுமாக,
உன் அம்மா